எங்கள் சார்பில் போனவர்

மார்ச் 4

குட்டிக்கு,

மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். தையல் பெரியவருக்கு ரயிலில் கால் வீங்கிவிட்டது. பாய்லர்காரர் வழி முழுக்கத் தூங்கிவிட்டு, இறங்கியதும் களைப்பாக இருக்கிறது என்கிறார். ஆஸ்பத்திரித் தலைமை அலுவலகத்துக்குப் பின்னாலேயே நிர்வாகத்தின் விடுதி. எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இங்கே இருக்கும் ஒரே போன் வரவேற்பு மேஜையில். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், நாங்கள் போனை எடுத்தால் போதும், துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கிறாள். உன் பக்கம் போன் சூபர்வைசர் மேஜையில். அதனால் எதுவானாலும் கடிதத்தில்தான்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நாளைக்கு யாராவது குழப்பினால் எடுத்துக் காட்ட உதவும். ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தை வெளியார் கையில் காண்ட்ராக்ட்டுக்கு விடுவதென்றால் நம் டெலிகேஷன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். டெலிகேஷனில் இருக்கும் ஒருவர் வேண்டாம் என்றாலும் விட முடியாது. போனவர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் பொதுக்கூட்டம் கை தூக்கி அவரைத் திரும்பப் பெறலாம். அந்த நிமிடமே அவர் பதவி போய்விடும். இதை நாமேதான் சண்டை போட்டுச் சேர்த்தோம். பெற்ற பிள்ளையைக்கூட நம்பாத கூட்டம் நம்முடையது. அதில் எனக்குப் பெருமைதான். நம் எல்லோருடைய வேலையும் இந்த மூன்று கையெழுத்தில் தொங்குகிறது.

நான் வரும் வரை சங்கத்துக்கு நீ ஆக்டிங் செகரட்டரி. ஆக்டிங் என்றால் நாற்காலியின் நுனியில் உட்கார வேண்டும், சாய்ந்து உட்காரக் கூடாது. சங்க அறையின் சாவியை யாரிடமும் கொடுக்காதே. வீட்டில் உன் அண்ணனுக்கு இரவு மாத்திரை. கொடுத்தால் மட்டும் போதாது, விழுங்கினாரா என்று பார். நான் எழுதுவதை அவரிடம் படித்துக் காட்டாதே. கடைத்தெருவில் விநியோகம் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கவலை வேண்டாம். முதுகுதான் வலிக்கிறது.

அண்ணன் மாத்திரை விழுங்குகிறார். நான் சமைப்பதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். யாராவது உங்களிடம் சொல்லி, நான் மறைத்தேன் என்று ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கூடத்தில் வேலைக்குக் குறைவில்லை. ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி மலையாக வந்து விழுகிறது. உருளை இஸ்திரி மெஷின் ஓரத்தைக் கடித்து இரண்டு விரிப்பு போயிற்று. நீங்கள் இருந்தால் சத்தத்தை வைத்தே நிறுத்தியிருப்பீர்கள். சூபர்வைசர் வழக்கத்துக்கு மாறாகத் திட்டவில்லை. சங்க அறை புழுக்கமாக இருக்கிறதே என்று ஒரு மேஜை விசிறி கொடுத்து அனுப்பினார். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆள் போய்விட்டான்.

உங்கள் கடிதத்தில் குழாய் ஒழுகுவது இருக்கிறது, பெரியவரின் கால் இருக்கிறது. பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. துணி மடிக்கும் மேஜையில் தினமும் கேட்கிறார்கள். பாய்லர்காரர் மனைவி நேற்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டால், "அவர் வந்து சொல்லுவாரு" என்று சிரிக்கிறாள். அவருக்கு நல்ல சேதி என்றால் நமக்கும் நல்ல சேதிதானே? அவளுக்குத் தெரிவது எனக்கு ஏன் தெரியவில்லை?

உங்களுக்கு மாடியில் பெரிய அறை கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. கம்பளம் விரித்த அறையாம். நான் நம்பவில்லை. எழுதுங்கள்.

குட்டி

மார்ச் 13

குட்டிக்கு,

ஆமாம், மாடியில் அறை. ஆமாம், கம்பளம். கீழே குழாய் ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. நனைந்த மெத்தையில் படுத்துக் காய்ச்சலில் கிடந்தால்தான் நான் யோக்கியமானவள் என்றால் அடுத்த முறை அப்படியே செய்கிறேன்.

பேச்சு நடக்கிறது. முதல் வாரம் எங்களை டெலிகேஷன் என்றார்கள். இப்போது கன்சல்டேட்டிவ் கமிட்டி என்கிறார்கள். மேஜையில் ஆளுக்கு ஓர் அட்டை. என் அட்டையில் ரெப்ரசென்டேடிவ் என்று அச்சடித்து, என் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒவ்வொரு பெயர் மாறும்போதும் காபி மட்டும் நன்றாகிக்கொண்டே வருகிறது.

இதற்கு மேல் கடிதத்தில் எழுதுவதற்கில்லை. ஏன் என்று கேட்காதே. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மடிக்கும் மேஜையில் சொல். நான் வரும் வரை பொதுக்கூட்டம் எதுவும் கூட்டாதே. பொறுமையாக இருங்கள், அவ்வளவுதான்.

அந்த விசிறியைத் திருப்பி அனுப்பு. அந்த மனுஷன் பதினோரு வருஷத்தில் நமக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. இப்போது காற்றே கொடுக்கிறாரென்றால் யாருக்குக் கொடுக்கிறார் என்று யோசி. அவர் உன்னிடம் வேறு என்ன பேசினார்? விசிறியை மட்டும் எழுதியிருக்கிறாய்.

உன் அண்ணன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவது சந்தோஷம். இருபது வருஷமாக நான் போட்டதையும் அவர் மிச்சம் வைத்ததில்லை.

அண்ணி

மார்ச் 17

அண்ணிக்கு,

விசிறியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்னதால் அல்ல. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம்.

சூபர்வைசர் வேறு என்ன பேசினார் என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். நேற்று என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. ஜாயின்ட் வொர்க்கிங் குரூப் என்று தலைப்பு. முதல் பெயர் உங்களுடையது. பக்கத்தில் கன்வீனர் என்று போட்டிருந்தது. "உங்க அண்ணி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே" என்றார். நான் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்காவிடம் போனேன். இந்த மாதிரி ஆபீஸ் வார்த்தைகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டெலிகேட் என்றால் அனுப்பியவர்களின் வார்த்தையைச் சுமந்துகொண்டு போகிறவர், சொந்த வார்த்தை கிடையாது, அனுப்பியவர்கள் கொடுக்கும் உத்தரவுக்கு மேண்டேட் என்று பெயர், அதைத் தாண்டக் கூடாது என்றாள். கன்சல்டேட்டிவ் கமிட்டி என்றால் அபிப்பிராயம் கேட்பார்கள், கேட்டுவிட்டு அவர்கள் இஷ்டப்படி செய்வார்கள். வொர்க்கிங் குரூப் என்றால் எப்படிச் செய்வது என்று திட்டம் போடுகிறவர்கள், கன்வீனர் அவர்களைக் கூட்டிச் சேர்க்கிறவர். நான் அவளிடம், "செய்யலாமா வேண்டாமான்னு யார் பேசுவாங்க?" என்று கேட்டேன். டைப்பிஸ்ட் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது முடிஞ்சுபோச்சுன்னாதான் வொர்க்கிங் குரூப் போடுவாங்க குட்டி" என்றாள்.

அண்ணி, நாங்கள் உங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் அனுப்பினோம். கூட்டிச் சேர்த்துத் திட்டம் போட அனுப்பவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் தாள் விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அந்தத் தாளின் நகல் உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. யார் ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. காண்ட்ராக்ட் எடுக்கும் புதுக் கம்பெனியில் உங்களுக்குப் பெரிய பதவியாம். அண்ணனைக் கடைத்தெருவில் ஒருவர் கேட்டிருக்கிறார், வீட்டம்மாவுக்குக் கார் வருமாமே என்று. அண்ணன் வந்து முன் பக்கம் எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? இருபத்துநான்காம் தேதி மாலை பொதுக்கூட்டம் கூட்டுகிறேன். நீங்கள் கூட்டாதே என்றீர்கள், தெரியும். கூட்டாவிட்டால் என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். இப்போதே பாதிப் பேர் என்னிடம் பேசுவதற்கு முன்னால் சுற்றிலும் பார்க்கிறார்கள்.

குட்டி

மார்ச் 20

குட்டிக்கு,

நீ கேட்ட ஒரு வரியை எழுத மாட்டேன். நேரில் வந்து சொல்கிறேன். இருபத்தைந்தாம் தேதி காலை கடைசிக் கூட்டம். அன்று மத்தியானமே ரயில் ஏறிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அதற்குள் நீ அங்கே எதையும் ஆரம்பித்து வைக்காதே.

பெரியவர் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாய்லர்காரர் அளவுக்கு மீறிப் பேசுகிறார். இவர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். உன்னிடமிருந்தாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தால் தேதி குறித்து நோட்டீஸ் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். சூபர்வைசர் ஏன் தாளை உன்னிடம் காட்டினார்? கூடத்தில் மூத்தவர்கள் இல்லையா? உன்னிடம் காட்டினால் காரியம் நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் இங்கே இருக்கும்போது என் அடுப்படி உன்னுடையது, என் சாவி உன்னுடையது, என் நாற்காலி உன்னுடையது. ஒப்படைத்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒப்படைத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த டைப்பிஸ்ட் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

அண்ணி

மார்ச் 24

சலவைக் கூடத் தொழிலாளர் சங்கத்தின் டெலிகேட்டாக இருந்தவருக்கு,

இன்று மாலை பொதுக்கூட்டம் நடந்தது. உங்களைத் திரும்பப் பெறுவதென்று முடிவாயிற்று. எதிர்த்தவர் யாரும் இல்லை. இந்த நிமிடத்திலிருந்து எங்கள் சார்பில் பேசவோ கையெழுத்துப் போடவோ உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் இடத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. ஐந்தாறு நாளில் கிளம்பி வருகிறேன்.

இதுவரை எழுதியது செகரட்டரி. இனிமேல் குட்டி எழுதுகிறேன்.

உங்கள் இருபதாம் தேதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. நான்கு முறை படித்தேன். மாட்டேன் என்ற ஒரு வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். அடுப்படி இருந்தது, சாவி இருந்தது, நாற்காலி இருந்தது. அது மட்டும் இல்லை. கூட்டத்தில் யார் முதலில் கை தூக்குவது என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள், நான் தூக்காமல் யாரும் தூக்க மாட்டார்கள். தூக்கினேன். மடிக்கும் மேஜைக்காரிகள் அழுதுகொண்டே தூக்கினார்கள்.

முடிவைத் தபாலில் அனுப்பினால் நாளைக் காலைக்குள் போய்ச் சேராது. என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது சூபர்வைசர் வாசலில் நின்றிருந்தார். தன் அறையிலிருந்து தானே ஃபேக்ஸ் அனுப்பித் தந்தார். இந்த நேரத்தில் வீட்டுக்குப் போகாமல் ஏன் இருந்தார் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. அதற்குள் தாள் மெஷினுக்குள் போய்விட்டது.

அண்ணன் ராத்திரி சோற்றை இரண்டாம் முறை கேட்கவில்லை.

குட்டி

மார்ச் 26

குட்டிக்கு,

நீ இங்கே வர வேண்டாம். வருவதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை நீள மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். பெரியவர் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். அவர் மகனுக்கு இங்கே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பாய்லர்காரருக்குப் புதுக் கம்பெனியில் ஃபோர்மேன் பதவி. இனிப்பு அதற்குத்தான். மிச்சம் நான் ஒருத்தி. கம்பளம் விரித்தார்கள், கன்வீனர் என்றார்கள், கார் என்றும் சொன்னார்கள். உன் அண்ணன் கேள்விப்பட்டது பொய் இல்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் கையெழுத்து நாளைத் தள்ளிப்போட்டு, என்னைக் கழற்றிவிட வேறு வழி தேடியிருப்பார்கள். கடைசி நிமிடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னால் தள்ளிப்போட வழியில்லை. அதுதான் என் கணக்கு.

தாள் என் கைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். கூட்டத் தலைவர், மிகவும் மரியாதையாக, ஒரு நிமிடம் என்றார். ஃபேக்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். உன் கையெழுத்து. "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். நான், வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். குறிப்பு எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். டெலிகேட் இல்லாத ஒருத்தியின் வார்த்தையை எதில் எழுதுவது? புதியவர் வரும் வரை மிச்சம் இருப்பவர்களே டெலிகேஷன் என்றும் அதே விதியில் இருக்கிறது. நாம் கூச்சல் போட்டு வாங்கிய விதி. கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கை தட்டினார்கள். ஒருமனதாக முடிவாயிற்றாம்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். உன் முதல் கடிதம் வந்தபோது கவரின் மடிப்பில் பசை வழிந்து காய்ந்திருந்தது. நீ எதிலும் சிக்கனம், இவ்வளவு பசை போடுகிறவள் இல்லை. யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்த கவர்களும் அப்படியே. அதில் நான் மாட்டேன் என்று எழுதினால் அது முதலில் யார் கண்ணில் படும்?

இது பாதிக் காரணம்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். மேஜை விசிறி என்று படித்ததிலிருந்து உன்னையும் நான் நம்பவில்லை. பசை இல்லாமல் வந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. அவர்கள் நம்மை ஏமாற்றப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை குட்டி. ஒரு விசிறி, ஒரு தாள். மீதியை நாம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள்.

நேற்று ரயில் ஏற மனம் வரவில்லை. சனிக்கிழமை வருகிறேன். எனக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம்.

அண்ணி

மார்ச் 29

அண்ணிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்களோ என்னவோ. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை கூடத்துக்குப் புதுக் கம்பெனிக்காரர்கள் வந்து மெஷின்களை அளந்துகொண்டு போனார்கள். மனிதர்களை யாரும் அளக்கவில்லை. பாதிப் பேர் போதும் என்று பேச்சு. எனக்கு லேபர் கோஆர்டினேட்டர் என்று ஒரு வேலை இருக்கிறதாம், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சூபர்வைசர் வாய் கூசாமல் கேட்டார். எனக்கு வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உருளை மெஷின் பக்கத்தில் நின்றேன்.

அண்ணி, அந்தப் பசையைப் போட்டது நான்தான். ஒருவரும் பிரிக்கவில்லை. முதல் கடிதம் எழுதும்போதே, வழியில் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்று பயம். தையல் மேஜையில் இருக்கும் பசை டப்பாவை எடுத்து மடிப்பு முழுக்க வழிய வழியத் தடவினேன். ஒவ்வொரு கவருக்கும் அப்படித்தான் செய்தேன். நீங்கள் பாராட்டுவீர்கள் என்றுகூட நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை மடிக்கும் மேஜையில் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் ஒருத்தி கேட்டாள், "நிஜமாவே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்களா? இப்ப எல்லாம் முடிஞ்சப்புறம் என்ன வேணா எழுதலாமே." நான் அவளைத் திட்டினேன். அண்ணி அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியும் என்றேன். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் எனக்குத் தெரியாது அண்ணி. அந்தக் கேள்வி நான் கேட்காதது இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடத்தான் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்குகிறது. மாட்டேன் என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தால் இறங்குவதில்லை. அதனால் இறங்காததையே நம்புவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அண்ணனோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பையை மட்டும் கொடுங்கள், பின்னால் நடந்து வருகிறேன்.

குட்டி